சார்ஜ் ஏறும் வரைக்கும்

கரெண்டு வண்டி வாங்கலாமா, பெட்ரோல் வண்டியே தேவலையா என்று கட்டுக்காரரிடம் கேட்டால் நேராகப் பதில் வராது. "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீங்க? வீட்ல பிளக் இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்குள், "போற வழியில உக்கார இடம் இருக்கா?" என்று மூன்றாவதாக ஒன்று கேட்பார். வண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் விழிப்பார். கட்டுக்காரர் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

கட்டுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவர். ஆஸ்பத்திரியை விட்ட பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். சர்க்கரை நோயில் வந்த கால் புண், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் முதுகுப் புண், ஆபரேஷன் செய்த இடத்தில் ஆறாத புண். நாளைக்கு எட்டு வீடு, ஒன்பது வீடு. கை சுத்தமான கை. பழைய கட்டைப் பிய்த்து இழுக்க மாட்டார். உப்பு நீர் விட்டு ஊற வைத்து, அது தானாக விடும் வரை காத்திருப்பார். நோயாளி முகம் சுளித்தால் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். சுளிப்பு போனதும் மறுபடி தொடர்வார்.

இத்தனை வீட்டுக்குப் போகிறாரே, பேச்சுத் துணைக்கு என்ன குறைச்சல் என்று நினைப்பீர்கள். அங்கேதான் விஷயம். புண் இருக்கிற வீட்டில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. "இங்க வைங்க", "அங்க கை கழுவுங்க", "இந்தக் கவர்ல போட்டுருங்க", இவ்வளவுதான் பேச்சு. அவர் போனதும் ஜன்னலைத் திறந்து விடுவார்கள், வாடை போகட்டும் என்று. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. நம் வீட்டிலும் அதைத்தான் செய்வோம்.

சொந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகன் தொலைவில், வேறொரு நேரத்தில் சூரியன் உதிக்கும் ஊரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். பாசமான பையன்தான். ஆனால் அவன் பாசம் எல்லாம் ஆலோசனையாகத்தான் வெளியே வரும்.

அப்படி வந்த ஆலோசனைதான் கரெண்டு வண்டி.

"அப்பா, அந்தப் பழைய வண்டிக்கு நீங்க போடுற பெட்ரோல் காசுல பாதி மிச்சம் பிடிச்சாலே மூணு வருஷத்துல புது வண்டி காசு வந்துரும்."

"அதுக்குள்ள பேட்டரி போயிருமாமே."

"யார் சொன்னா?"

"மெக்கானிக்."

"மெக்கானிக் வேற என்ன சொல்வார்? ஆயில் மாத்த வேணாம், பிளக் மாத்த வேணாம், கார்புரேட்டர் கிடையாதுன்னா அவர் எப்படிப் பிழைப்பார்?"

மகன் சொன்னதில் தப்பில்லை. பழைய பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் பதினெட்டு வயது. காலையில் உதைத்து உதைத்து அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பங்க்கில் நிற்க வேண்டும். அங்கே பெட்ரோல் போடும் பெண், "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அந்த வாரம் முழுக்க ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்பதை அப்போது அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மகனும் எடுத்துக்கொள்ளவில்லை. யார்தான் எடுத்துக்கொள்வார்கள்?

வாங்கிவிட்டார். கடையில் இருந்த பெண், "ஒரு தடவை சார்ஜ் போட்டா நூறு கிலோமீட்டர் போகும் சார்" என்றாள். போகும். எலும்பும் தோலுமாக ஒருவர், காற்றே அடிக்காத நாளில், மேடே இல்லாத ரோட்டில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் போகும். கட்டுக்காரர் எலும்பும் தோலும் இல்லை. போதாததற்கு முன்னால் மருந்துப் பெட்டி, பதினோரு கிலோ. வழியில் ஒரு மேம்பாலம். அறுபத்திரண்டு கிலோமீட்டரில் மூச்சை விட்டுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அவருடைய ஒரு நாள் ஓட்டம் ஐம்பத்தைந்துதான். முழு சார்ஜ் இருந்தால் தாராளமாகப் போதும்.

முழு சார்ஜ் கிடைத்தால்தானே. அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. பேட்டரியைக் கழற்றித் தூக்கிப் போகிற மாடல் இல்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு பிளக், அதற்கு ஏற்கெனவே இரண்டு கரெண்டு வண்டிக்காரர்கள் போட்டி. முறை வைத்துப் போட்டதில் அவருக்குப் பாதி சார்ஜ்தான் கிடைத்தது. மத்தியானம் எங்காவது இரண்டு மணி நேரம் போட்டால்தான் மிச்ச வீடுகளுக்குப் போக முடியும்.

நோயாளிகள் வீட்டில் கேட்டுப் பார்த்தார். ஒரு வீட்டில், "எங்க மீட்டர் ஏற்கெனவே எகிறுதுங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில், "வெடிக்குமாமே" என்றார்கள். மூன்றாவதாகக் கேட்டது லிஃப்ட்காரரிடம்.

லிஃப்ட்காரர் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷம் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்தியவர். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சந்தின் கடைசியில், சின்ன மேடேறினால் வருகிற தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். வலது உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே சர்க்கரைப் புண். ஒன்று விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டிக் காலத்தில் கட்டுக்காரர் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துக் கிளம்பிவிடுவார். நாலு மாதத்தில் இருவரும் பேசியது மொத்தம் ஒரு பக்கம் வராது.

"பிளக்கா? வாஷிங் மெஷினுக்குன்னு ஒன்னு போட்டாங்க. மெஷின்தான் வாங்கல. சும்மாதான் கெடக்கு. போட்டுக்கோ தம்பி."

ஜன்னல் கம்பி வழியாக வயரை உள்ளே விட்டு மாட்டினார்கள். சார்ஜர் பெட்டி லேசாக இரைந்தது. வண்டியின் திரையில் நூற்றுக்கு எத்தனை சார்ஜ் என்று எண் தெரிந்தது. லிஃப்ட்காரர் ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"பதினேழு," என்றார். லிஃப்டில் மாடி சொல்கிற அதே குரல்.

கொஞ்ச நேரம் கழித்து, "பதினெட்டு."

கட்டு மாற்றி முடிந்தது. கை கழுவியாயிற்று. எண் இருபத்தாறில் நிற்கிறது. கட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கதவோரம் நின்றார். நின்றே பழகியவர்.

"மேல ஏற நேரமாகும் போல," என்றார் லிஃப்ட்காரர். "அது வரைக்கும் உக்காரேன்."

அன்று கட்டுக்காரர் உட்கார்ந்தார். அறுபது வந்ததும் கிளம்புவது என்று ஏற்பாடு. அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது, பேச்சில்.

என்ன பேச்சு என்கிறீர்களா? பெரிதாக ஒன்றும் இல்லை. லிஃப்ட்காரர் தன் லிஃப்டில் வந்த ஜனங்களைப் பற்றிச் சொல்வார். "ஒரு அம்மா இருந்தாங்க தம்பி. நாலாவது மாடில ஏறுவாங்க. ஒன்பது வரைக்கும் அழுவாங்க. தினமும் இல்ல, வாரத்துல ரெண்டு நாள். ஒன்பது வந்ததும் கண்ணத் தொடச்சிட்டு சிரிச்ச முகமா இறங்கிப் போயிருவாங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா அவங்க இருந்தா மட்டும் வழியில வேற யாருக்கும் நிறுத்த மாட்டேன். ஆபீசர் பட்டன அழுத்திட்டுக் கத்துவாரு. ரிப்பேருன்னு சொல்லிருவேன்."

கட்டுக்காரர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். பெட்ரோல் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, வேகத்தடை வருவதற்கு முன்பே அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாளாம். தடை இருப்பது இவருக்குத் தெரியாது என்ற நினைப்பு. வண்டியை விற்ற அன்று, வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போகையில் தெருமுனை வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் மகனிடம்கூடச் சொல்லவில்லை. லிஃப்ட்காரரிடம் முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் சொன்னார்.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "நாப்பத்தாறு," என்றார் கடைசியில்.

இப்படி இரண்டு மாதம். கட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் நாளாக இருந்தது. மற்ற நாள்களில் வேறு வீட்டாரிடம் கெஞ்சியோ, டீக்கடைக்காரருக்குக் காசு கொடுத்தோ சார்ஜ் போட்டுக்கொண்டார். இதற்கிடையில் லிஃப்ட்காரர் கால் நன்றாக ஆறி வந்தது. காகித அளவுகோலை வைத்து அளந்து எழுதுவது கட்டுக்காரர் வழக்கம். நாலு சென்டிமீட்டர் இருந்தது ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. புதுத் தோல் ரோஜா நிறத்தில் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. "கீழ ஊனாம இருந்தீங்கன்னா இன்னும் ஒரு மாசம்ணே," என்றார். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

வந்தது வினை வேறு பக்கத்திலிருந்து. குடியிருப்பில் கூட்டம் போட்டு, கரெண்டு வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தனி பிளக், தனி மீட்டர் என்று வைத்துவிட்டார்கள். மற்ற இருவரும் செயலாளருக்குக் கை கொடுத்தார்கள். கட்டுக்காரரும் கொடுத்தார். இனி தினமும் முழு சார்ஜ். மத்தியானம் எங்கேயும் நிற்க வேண்டாம். மகன் போனில், "பாத்தீங்களா, இப்பதான் அந்த வண்டி உண்மையில லாபம்" என்றான்.

லாபம்தான். இனி லிஃப்ட்காரர் வீட்டில் இருபது நிமிஷம்தான். கட்டு, கை கழுவு, கிளம்பு.

சொல்லிவிட்டு உட்காரலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கட்டுக்காரருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றி வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வேலை இருக்கிற வீட்டுக்கு மட்டும் போனவர். வேலை இல்லாமல் ஒரு வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவது என்று அவருக்குத் தெரியாது.

முதலில் பிளக்கை மாட்டாமல் விட்டுப் பார்த்தார். குடியிருப்பின் வாட்ச்மேன் தங்கமான மனிதர். "மறந்துட்டீங்க சார், நானே மாட்டிட்டேன்" என்று காலையில் சிரித்தார். மறுநாளும் மாட்டினார். அதற்கடுத்த நாளும். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. முழு சார்ஜோடு போய்ப் பொய் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது. லிஃப்ட்காரர் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணைப் பார்க்கிறாரே.

ஆக, கட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயது மனிதர், தலையில் ஹெல்மெட், முன்னால் மருந்துப் பெட்டி, உச்சி வெயிலில் ஊரைச் சுற்றும் வெளிவட்டச் சாலையில் காரணமே இல்லாமல் சுற்றினார். பேட்டரியைத் தீர்ப்பதற்காக. வேகமாக ஓட்டினால் சீக்கிரம் தீரும் என்று வேகமாக ஓட்டினார். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டார். மேம்பாலத்தில் ஏறி இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறினார். காசை மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டி.

பதினைந்தில் போய் நின்றார்.

"பதினஞ்சு," என்றார் லிஃப்ட்காரர். "இன்னிக்கு ரொம்பத் தூரமோ?"

"ஆமாண்ணே. புது நோயாளி."

அடுத்த முறை பன்னிரண்டு. அதற்கடுத்து ஒன்பது. எண் குறையக் குறைய அறுபதுக்கு ஏற நேரம் கூடும். இரண்டு டீ குடிக்கலாம். ஒன்பதைப் பார்த்த அன்று லிஃப்ட்காரர், "ஏ அப்பா, ஒத்தை நம்பர்," என்று நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டதை இவர் கவனித்தார். அது அவருக்குத் தலைக்கேறிவிட்டது. ஐந்தோடு போக வேண்டும் என்று ஆசை பிடித்தது.

அந்த நாள் எதிர்க்காற்று. மேம்பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கினார். ஏழில் சந்துக்குத் திரும்பியிருக்கலாம். இன்னும் ஒரு சின்னச் சுற்று என்று போனார். ஐந்துக்குக் கீழே பேட்டரி ஒழுங்காகக் கணக்குச் சொல்லாது. நாலு காட்டியது, திரையில் ஆமைப் படம் வந்தது, வண்டி ஆமையாகவே ஆயிற்று. சந்து முனைக்கு வந்து, மேடு தொடங்குகிற இடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. லிஃப்ட்காரர் வீட்டு ஜன்னல் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது அடி.

இறங்கித் தள்ளினார். வண்டி நூறு கிலோவுக்கு மேல். பெட்டி வேறு. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. இரண்டடி போனால் ஓரடி பின்னால் வந்தது. பிரேக்கைப் பிடித்து நின்று மூச்சு வாங்கி மறுபடி தள்ளினார். திடீரென்று வண்டி லேசாயிற்று. மேடு முடிந்துவிட்டது போல என்று நினைத்து விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்ச் சேர்ந்து, ஸ்டாண்டைப் போட்டுத் திரும்பினார்.

பின்னால் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். இரண்டு கையும் பின்சீட்டின் மேல். முகமெல்லாம் சிரிப்பு. செருப்புப் போடவில்லை. ஜன்னலில் பார்த்ததும் அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

"என்ன தம்பி, தரைத்தளத்துக்கே வந்துட்டியா," என்றார்.

கட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தின் சிமெண்டுத் தரையைப் பார்த்தார். நாற்பது அடி தூரத்துக்கு, ஓரடி விட்டு ஓரடி, வலது காலின் முன்பகுதி மட்டும் சிவப்பு ஈரமாகப் பதிந்திருந்தது. சர்க்கரையில் மரத்துப்போன கால். அவருக்கு வலித்திருக்காது. வலித்திருந்தால் நின்றிருப்பார்.

உள்ளே தூக்கிப்போய் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தார். ஆறு மாதமாக ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து வந்த தோல் கிழிந்து விரிந்து கிடந்தது. அளவுகோலை வைத்தார். நம்பாமல் இரண்டு முறை அளந்தார். அன்று சார்ஜ் போட வேண்டும் என்று இருவருக்குமே நினைவு வரவில்லை.

இரண்டு நாளில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் எட்டு நாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். கட்டுக்காரர் தினமும் போனார். ஆஸ்பத்திரி அவருக்குப் பழகிய இடம், அங்கே நிற்கக் காரணம் தேவையில்லை. வெளியூரிலிருந்து லிஃப்ட்காரரின் தங்கை வந்திருந்தார், கண்டிப்பான அம்மா. "இனிமே அண்ணனைத் தனியா விட மாட்டேன். எங்கூட கூட்டிட்டுப் போறேன்," என்றார். யார் என்ன சொல்ல முடியும்?

ஏழாம் நாள், தங்கை மருந்து வாங்கப் போனபோது, கட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு சார்ஜ் தீரல. நான் தீத்தேன்."

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தனி பிளக், வாட்ச்மேன், வெளிவட்டச் சாலை, மேம்பாலம், விளக்கு. சொல்லச் சொல்லத் தனக்கே கேவலமாக இருந்தது. பைத்தியக்காரன் கதை போல இருந்தது.

லிஃப்ட்காரர் தன் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உக்காரணும்னா உக்காந்திருக்க வேண்டியதுதானேடா," என்றார். அதுவரை அவர் இவரை "டா" என்று சொன்னதில்லை. "எங்க வீட்ல நாற்காலி இல்லையா?"

"என்னன்னு சொல்லிட்டு உக்கார்றதுண்ணே?"

"அதுக்கு என் கால வச்சா வெளையாடுவ?"

லிஃப்ட்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் இவர் போனபோது கட்டில் காலியாக இருந்தது. காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள் நர்ஸ்.

அதன் பிறகு கட்டுக்காரர் வண்டி பிரமாதமாக ஓடியது. தினமும் வாட்ச்மேன் மாட்டிவிடுவார், தினமும் நூறு. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி, பத்துக்கு மேல் மிச்சத்தோடு வீடு திரும்பும். பங்க்கில் நிற்க வேண்டாம், மெக்கானிக்கிடம் போக வேண்டாம், யார் வீட்டு ஜன்னலிலும் வயர் விட வேண்டாம். ஒரு சத்தமும் கிடையாது அந்த வண்டியில். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை எங்கேயும் எதற்காகவும் நிற்காமல் ஓட்டலாம். மகன் கணக்குப் போட்டுச் சொன்ன லாபம் அத்தனையும் கைக்கு வந்தது. கட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டை வெளிவட்டச் சாலை ஓரத்தில் வண்டி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு தடவை அந்தச் சந்துப் பக்கம் போனார். ஜன்னல் மூடியிருந்தது. சிமெண்டுத் தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

போன் செய்ய எண் இருந்தது. செய்யவில்லை. என்ன சொல்லிவிட்டுச் செய்வது?

இரண்டரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தார்.

"நாப்பத்தெட்டு," என்றது குரல்.

கட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "என்னண்ணே?"

"கிலோமீட்டர். உன் வீட்லேர்ந்து எந்தங்கச்சி வீடு. மாப்பிள்ளைகிட்ட போன்ல பாக்கச் சொன்னேன். உன் வண்டி அறுபத்திரண்டு போகும்ல?"

"போகும்ணே."

"மேம்பாலம்?"

"அந்தப் பக்கம் மேம்பாலம் இல்லண்ணே."

"அப்ப போதும்." அவரே தொடர்ந்தார். "கால் மூடிடுச்சு. டாக்டர் பாத்துட்டாரு. கட்டு வேணாம். பெட்டிய எடுத்துட்டு வராத. கனம் இல்லன்னா இன்னும் நாலு கிலோமீட்டர் கூடப் போகும்னு நீதான சொன்ன."

கட்டுக்காரர் ஆரம்பித்தார். "அண்ணே, நான் அன்னிக்கு..."

"வாசல்ல ஒரு பிளக் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர், அவரை முடிக்க விடாமல். "வேலை செய்யுதான்னு டேபிள் ஃபேன மாட்டிப் பாத்துட்டேன். சுத்துது." போனை வைத்துவிட்டார்.

கட்டுக்காரர் கீழே இறங்கிப் போனார். வாட்ச்மேன் அப்போதுதான் வண்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தார். இவர் முந்திக்கொண்டு தன் கையாலேயே பிளக்கை மாட்டினார். மாட்டி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். வாட்ச்மேன் ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் போன் செய்தபோது இவர் ரோட்டில் இருந்தார். ஓரமாக நிறுத்தி, "அப்புறம் பேசறேன்பா, ஒருத்தர் வீட்டுக்குப் போறேன்" என்றார். யாருக்கு என்ன புண் என்று மகன் கேட்டான். "புண் இல்ல. சும்மாத்தான்," என்றார். அந்தச் சொல்லை அவர் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முன்னால் பெட்டி இல்லாத இடம் காலுக்கு வசதியாக இருந்தது. விளக்கைப் போடாமல், வேகத்தை ஏற்றாமல், பள்ளம் மேடு பார்த்துச் சிக்கனமாக ஓட்டினார். லாரிகளும் சைக்கிள்களும்கூடத் தாண்டிப் போயின.

லிஃப்ட்காரர் வாசலில் நின்றிருந்தார். இரண்டு காலிலும் செருப்பு, இரண்டு காலையும் ஊன்றி. எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டிக் கையில் தயாராக வைத்திருந்தார். கட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவரே சார்ஜரை வாங்கி மாட்டிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இருபத்திரண்டு," என்றார். "திரும்பிப் போக எவ்வளவு வேணும்?"

"எண்பதாச்சும் வேணும்ணே. மூணு மணி நேரமாவது ஆகும்."

"நூறு வரட்டும்."

"அப்ப நாலு மணி நேரம்ணே."

லிஃப்ட்காரர் வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார், இரண்டும் வண்டியின் திரையைப் பார்த்தபடி. ஒன்றைக் கொஞ்சம் இழுத்துப் போட்டார்.

"ஆகட்டும்," என்றார். "உக்காரு."